டர்பன் திரைச்சந்தைக்கு முதல் தடவை போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் நாள் காலை நான் கேட்ட முதல் கேள்வியே தப்பு. கழுத்தில் பேட்ஜை மாட்டிக்கொண்டு உதவி மேசைக்குப் போய், "படம் எந்த ஹாலில் ஓடுகிறது?" என்றேன். அங்கே இருந்த பெண் சிரிக்காமல் பதில் சொன்னார். இங்கே படம் ஓடாது, பேச்சுதான் ஓடும், படம் பார்க்க வேண்டுமென்றால் கார் பிடித்துத் தியேட்டருக்குப் போக வேண்டும் என்றார். சந்தை என்றால் வரிசையாகக் கடை இருக்கும், உள்ளே நுழைந்தால் படம் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊரிலிருந்தே கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கற்பனையோடு கிளம்புகிறவர்களுக்காகத்தான் இது. படத்தைக் கையில் வைத்திருப்பவர்களும், வெறுமனே பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களும் படிக்கலாம்.

முதலில், இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூலை மாதத்தில் டர்பனில் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா. 1979ல் தொடங்கியது. குவாஸுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் கலை மையம் நடத்துகிறது. இன்னொன்று, டர்பன் ஃபிலிம்மார்ட். 2010ல் அந்த விழாவும் நகரத்தின் திரைப்பட அலுவலகமும் சேர்ந்து ஆரம்பித்தது. விழாவில் முடிந்த படங்களைப் போடுவார்கள். சந்தையில் இன்னும் எடுக்காத படங்களுக்குப் பணம் தேடுவார்கள். இயக்குநரும் தயாரிப்பாளரும் மேடையேறி சில நிமிடங்களில் தங்கள் கதையை விற்பார்கள், பிறகு சின்ன மேசைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு முதலீட்டாளராகச் சந்திப்பார்கள். இதற்குப் பெயர் பிட்ச்சிங். இந்தப் பிட்ச் மேடை ஆப்பிரிக்கப் படைப்பாளிகள் முக்கியப் பொறுப்பில் இருக்கும் திட்டங்களுக்கானது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தனியாக ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் ஏற முடியாது. ஆப்பிரிக்கக் கூட்டாளி வேண்டும்.

அப்படியானால் முடிந்த படத்தை வைத்திருப்பவருக்கு சந்தையில் என்ன வேலை? அங்கேதான் விஷயமே இருக்கிறது. விழாவில் ஓடும் படத்தைப் பார்க்க வேண்டிய ஆட்கள் சந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மேசையிலிருந்து எழுப்பித் தியேட்டர் வரை கூட்டிக்கொண்டு வருவதுதான் உங்கள் வேலை.

ஆப்பிரிக்காவில் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் 1969லிருந்து நடக்கும் ஃபெஸ்பாகோ பெயரும் பெருமையும் உள்ள பழைய விழா. அதற்கென்று 1983லிருந்து மிக்கா என்ற சந்தையும் உண்டு. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சில். 2015க்கு முன்னால் அங்கே போட்டிக்கு டிஜிட்டல் படத்தையே எடுக்கமாட்டார்கள், ஃபிலிம் பிரிண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். பிரெஞ்சு தெரியாத முதல் தடவைக்காரருக்கு டர்பன் சுலபம். எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கும், வருடா வருடம் நடக்கும்.

நாலு நாள் கணக்கு

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

விழா பத்து, பதினோரு நாள். சந்தை நாலே நாள். 2024ல் விழா ஜூலை 18 முதல் 28 வரை, சந்தை 19 முதல் 22 வரை. 2025ல் விழா 17 முதல் 27 வரை, சந்தை 18 முதல் 21 வரை. அதாவது விழா தொடங்கிய மறுநாள் சந்தை கூடி, விழா பாதியைத் தாண்டும் முன்பே கலைந்துவிடுகிறது. சேனல்காரர்கள், விற்பனை முகவர்கள், மற்ற விழாக்களின் தேர்வாளர்கள் எல்லோரும் நாலாம் நாள் மாலையோ ஐந்தாம் நாள் காலையோ விமானம் ஏறிவிடுவார்கள்.

உங்கள் படம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, நல்ல தியேட்டரில் போடப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். வார இறுதி, மாலைக்காட்சி, அரங்கம் நிறையும். வாங்குகிறவர் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார். அதைவிட முதல் ஞாயிறு மதியம் இரண்டு மணி, பாதி காலியான அரங்கம் எவ்வளவோ மேல். படம் தேர்வானதும், அட்டவணை அச்சாகும் முன்பே, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்: எனக்கு இரண்டு காட்சி கிடைத்தால் அதில் ஒன்று சந்தை நாட்களுக்குள் வருமா என்று. மரியாதையாக ஒரு தடவை கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அட்டவணை வெளிவந்த பிறகு பத்து தடவை கேட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

ப்ரீமியரை எங்கே செலவு செய்யப் போகிறீர்கள்?

நம்மூரில் ப்ரீமியர் என்றால் ரிலீசுக்கு முந்தின இரவு நடிகர்களும் நண்பர்களும் பார்க்கும் காட்சி. திருவிழா உலகத்தில் அது ஒரு வகை நாணயம். ஒரு முறைதான் செலவழிக்கலாம். உலகில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் போடப்படுவது வேர்ல்ட் ப்ரீமியர். சொந்த நாட்டுக்கு வெளியே முதல் தடவை என்றால் இன்டர்நேஷனல் ப்ரீமியர். அதற்குக் கீழே ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதல் தடவை, தென்னாப்பிரிக்காவில் முதல் தடவை என்று படிகள் இறங்கும். மேலே உள்ளதைச் செலவழித்த பிறகு கீழே உள்ளது கையில் இருக்கும். மேலே ஏற முடியாது.

ஜான் ட்ரெங்கோவ் இயக்கிய 'தி வூண்ட்' இதற்கு நல்ல உதாரணம். தென்னாப்பிரிக்கப் படம், கோஸா மொழியில் எடுத்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸில் முதல் காட்சி, அடுத்த மாதம் பெர்லின், அதற்குப் பிறகுதான் ஜூலையில் டர்பன் விழாவின் தொடக்கப் படம். சொந்த நாட்டுப் படமே இப்படிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. டர்பன்காரர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை, தொடக்க விழாவையே கொடுத்தார்கள். ஆகவே உங்கள் படத்துக்குப் பெரிய இடம் ஒன்றில் வாய்ப்பிருந்தால் அதைப் பார்த்துவிட்டு டர்பனுக்கு வரலாம். வாய்ப்பு இல்லை, ஆனால் கதையில் ஆப்பிரிக்கத் தொடர்பு இருக்கிறது என்றால் வேர்ல்ட் ப்ரீமியரை டர்பனுக்கே கொடுத்துவிடலாம். கூட்டத்தில் ஒருவராக நிற்பதைவிடச் சின்ன இடத்தில் விருந்தாளியாக இருப்பது நல்லது என்பது என் கட்சி.

நம் குறும்பட நண்பர்கள் பலர் இந்த நாணயத்தைத் தெரியாமலே தொலைத்துவிடுகிறார்கள். போஸ்டரில் 'இந்த விழாவில் தேர்வானது' என்று காட்டும் இலைவளையம் பத்துப் பதினைந்து தெரிகிறதே, அவற்றில் பாதி மாதாமாதம் ஆன்லைனில் 'நடக்கும்', கட்டணம் கட்டினால் விருது கொடுக்கும் விழாக்கள். அதில் ஒன்றில் படம் பொதுவெளியில் ஓடிவிட்டது என்று கணக்கானால் உலக முதல் காட்சி அங்கேயே போய்விட்டது. யூடியூபில் போட்டாலும் போயிற்று. நண்பர்களுக்குக் கடவுச்சொல்லோடு லிங்க் அனுப்புவது, எடிட்டரின் வீட்டு மாடியில் இருபது பேருக்குப் போட்டுக் காட்டுவது இதில் சேராது. டிக்கெட் விற்றதா, விளம்பரம் செய்ததா என்பதுதான் பொதுவாகக் கேள்வி. விண்ணப்பத்தில் பொய் சொல்லவேண்டாம். கூகுளில் தேடினால் தெரிந்துவிடும், தேடுவார்கள்.

பிரதி: டிசிபி, கேடிஎம், சப்டைட்டில்

தமிழ்நாட்டில் கேடிஎம் என்றால் என்னவென்று சினிமாக்காரர்களுக்கு மட்டுமல்ல, ரசிகனுக்கும் தெரியும். "கேடிஎம் வரலை, காலைக்காட்சி ரத்து" என்று எத்தனை வெள்ளிக்கிழமைகளில் தியேட்டர் வாசலில் நின்றிருக்கிறோம். நம்மூரில் அது பெரும்பாலும் பணப் பாக்கியின் மறுபெயர். டர்பனில் அது நேரக் கணக்கின் பெயர்.

டிசிபி என்பது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி. கேடிஎம் என்பது பூட்டிய டிசிபியைக் குறிப்பிட்ட சர்வரில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும் சாவி. தென்னாப்பிரிக்க நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். எனக்குத் தெரிந்த ஒரு ஆவணப்படக்காரர் காட்சி நாளன்று இரவு 11 மணியோடு சாவி முடியும்படி கேட்டிருந்தார். போதுமென்று நினைத்தார். லேபில் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இரவு 11 என்றால் டர்பனில் மாலை 7.30. காட்சி 8 மணிக்கு. அரங்கில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு ப்ரொஜெக்டர் அறையிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, திறக்க மறுக்கிறது என்றான். சென்னையில் அப்போது மணி இரவு பதினொன்றரை. யாரை எழுப்புவது? நாற்பது நிமிடம் கழித்து லேப்டாப்பிலிருந்து ஒரு கோப்பை ஓட்டினார்கள். பக்கவாட்டில் வாட்டர்மார்க்கோடு.

என் யோசனை: திருவிழாவுக்கு அனுப்பும் பிரதிக்குப் பூட்டே போடாதீர்கள். பெரிய நட்சத்திரப் படமாக இல்லாவிட்டால் உங்கள் படத்தை டர்பனில் திருட யாரும் காத்திருக்கவில்லை. பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முந்தின நாள் காலையிலிருந்து மறுநாள் இரவு வரை திறந்திருக்கும்படி கேளுங்கள், நேரத்தோடு "டர்பன் நேரம்" என்று எழுதுங்கள்.

டிசிபியை நொடிக்கு 24 பிரேமில் செய்யுங்கள். ஆவணப்படம் 25ல் எடுத்திருந்தால் எஸ்எம்பிடிஇ வகையில் செய்யச் சொல்லுங்கள், பழைய இன்டராப் வகை 25க்கு ஒத்துவராது. ஹார்ட் டிஸ்கை லேபே லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்து கொடுக்கும். அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகி, "படிக்கவில்லையே" என்று மறுபடி ஃபார்மட் செய்த மகானுபாவர்கள் உண்டு. கூடவே ஒரு பென்டிரைவில் ப்ரோரெஸ் அல்லது எச்.264 கோப்பு. அதைக் கைப்பெட்டியில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

சப்டைட்டில் பற்றி ஒன்றே ஒன்று. வெள்ளை எழுத்தைக் கரையில்லாமல் போட்டால் வேட்டி கட்டிய ஆள் நின்றாலே வசனம் காணாமல் போய்விடும். தமிழ்ப் படத்தில் வேட்டிக்கு எங்கே போவது, படம் முழுக்க வேட்டிதான். எழுத்துக்குக் கருப்பு விளிம்பு கொடுங்கள், அல்லது வெளிர் மஞ்சள். மொழிபெயர்ப்பைத் தமிழ் தெரியாத ஒருவரிடம் ஒலியை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே மாற்றுங்கள்.

தணிக்கை என்ற சமாசாரம்

அங்கே சென்சாருக்குப் பெயர் ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. விழாப் பட்டியலில் உள்ள படங்களுக்கு விழாக்குழுவே அனுமதி வாங்கிவிடும், பெரும்பாலும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

2013 ஜூலை. விழாவின் தொடக்கப் படம் ஜஹ்மில் கியூபேகாவின் 'ஆஃப் குட் ரிப்போர்ட்'. பள்ளி ஆசிரியன் ஒருவன் மாணவி மேல் கொள்ளும் வெறியைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். அரங்கம் நிறைந்திருக்கிறது, விளக்கு அணைகிறது, திரையில் படத்துக்குப் பதிலாக எழுத்து வருகிறது: வாரியம் இந்தப் படத்துக்குச் சான்றிதழ் மறுத்துவிட்டது, போட்டால் அது குற்றம். பாத்திரம் பதினாறு வயது என்பதால் குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் என்று வாரியம் வாதிட்டது. நடிகை வயதுவந்தவர். மேல்முறையீட்டில் தடை நீங்கி, விழா முடிவதற்குள் படம் போடப்பட்டது. 'தி வூண்ட்' படத்துக்கும் 2018ல் சாதாரணத் தியேட்டர்களில் ஓட முடியாத எக்ஸ்18 சான்றிதழ் கொடுத்தார்கள், நீதிமன்றம் போய்த்தான் அது மாறியது.

ஆக, வயது குறைந்த பாத்திரம், நிர்வாணம், இரண்டும் ஒரே காட்சியில் இருந்தால் விழாக்குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டியலுக்கு வெளியே நீங்களாக ஒரு ஹாலைப் பிடித்து ஊர் மக்களைக் கூப்பிட்டுப் படம் போடும் எண்ணம் இருந்தாலும் அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

விசா, ஊசி, பிளக்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் வேண்டும். விழா அல்லது சந்தை அனுப்பும் அழைப்புக் கடிதம் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

துபாய் வழியாகப் போனால் சிக்கலில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்து, இடையில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. ஆப்பிரிக்காவுக்குள் இன்னும் ஓரிரு ஊர் சுற்றும் ஆசை இருந்தால் யோசிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பும்போது நம்மூர் விமான நிலையத்திலும் கேட்கலாம்.

அந்த ஊர்ப் பழைய பிளக் வேறெதுவுமில்லை, நம் வீட்டு ஏசி, கீசருக்கு இருக்கும் தடித்த மூன்று முள் பதினைந்து ஆம்பியர் பிளக்தான். விமான நிலையத்தில் விலை கொடுத்து அடாப்டர் வாங்காமல் ரிச்சி தெருவிலேயே ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். அறையைக் கடற்கரையோரம் எடுங்கள். சந்தை வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறது, கடலோர ஓட்டல்களிலும் மாநாட்டு மையத்திலும் நடந்திருக்கிறது. இரண்டுமே அந்தப் பக்கம்தான். ஜூலை அங்கே குளிர்காலம். நம்மூர் மார்கழி மாதிரிதான், ஆனால் கடற்காற்று உண்டு, ஒரு ஸ்வெட்டர் போதும். கவனிக்க வேண்டியது இருட்டு. ஐந்தே கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். மாலைக்காட்சி முடிந்து, "இதோ தெரிகிறதே ஓட்டல், நடந்துவிடலாம்" என்று கிளம்பாதீர்கள். ஊபரோ போல்ட்டோ கூப்பிடுங்கள். உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

படம் பார்க்கும் வித்தை

முதல் தடவை போகிறவர் அட்டவணையில் ஒரு நாளைக்கு ஐந்து படத்துக்குப் பேனாவால் வட்டம் போடுவார். நானும் போட்டேன். மூன்று முடியாது, இரண்டு நிம்மதி.

காரணம் தூரம். பல ஆண்டுகளாக விழாவின் முக்கியமான இடமாக இருக்கும் சன்கோஸ்ட் வளாகத்துத் தியேட்டர் கடற்கரையில் இருக்கிறது. 1939ல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய அவலான் குழுமத்தின் தியேட்டர் அது. எலிசபெத் ஸ்னெடன் அரங்கம் ஊருக்குள் மேட்டின் மேல், பல்கலைக்கழக வளாகத்தில். பிளேஹவுஸ் நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே. குவாமாஷு நகரியத்தில் இருக்கும் எகாயா கலை மையம் இன்னும் தள்ளி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் வருவதற்குள் அடுத்த படத்தின் தலைப்பு போய்விடும். அட்டவணையைப் படத்தை வைத்துப் படிக்காமல் இடத்தை வைத்துப் படியுங்கள். ஒரு நாளை ஒரு இடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பேட்ஜ் இருக்கிறது என்பதற்காக இருக்கை இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல காட்சிகளுக்கு அதைக் காட்டி முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும். சந்தை பேட்ஜ் விழாவுக்குச் செல்லுமா, எந்தெந்தக் காட்சிக்கு என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும்.

குவாமாஷுவில் ஒரு காட்சியாவது பாருங்கள். விழா வண்டி போனால் அதில் போங்கள், இல்லையென்றால் உள்ளூர் நண்பரோடு. நான் பார்த்த அன்று படத்தில் ஒரு அம்மா பொய் சொல்லி மகனை ஏமாற்றும் கட்டம். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி ஸுலுவில் திரையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வரிசைகள் அவரை அடக்காமல் கூடச் சேர்ந்துகொண்டன. அடுத்த வரிசைக் குழந்தை என் மடியில் காலை நீட்டித் தூங்கியது. மதுரைப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தலைமுறைக்கு இது புதிதில்லை. சன்கோஸ்டில் அதே படத்துக்கு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. படம் எடுத்தவர் இரண்டையும் பார்த்தால்தான் எது வேலை செய்கிறது என்று தெரியும்.

அலைச்சறுக்குப் படங்களுக்கென்று வேவ்ஸ்கேப் என்ற பகுதியும் விழாவில் நடந்திருக்கிறது. கடற்கரைப் புல்தரையில் திரை கட்டி இலவசமாகப் போடுவார்கள். இந்த வருடம் இருந்தால், தொழிலுக்கு ஒன்றும் உதவாது, ஆனால் போர்வையோடு போய் உட்காரலாம்.

உங்கள் காட்சி நாள்

முந்தின நாளே ப்ரொஜெக்டர் அறைக்குப் போய்விடுங்கள். நேரம் பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். முதல் இரண்டு நிமிடம், நடுவில் சப்டைட்டில் அதிகம் வரும் ஒரு காட்சி, கடைசி இரண்டு நிமிடம். ஒலியளவை எவ்வளவில் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மிக்ஸிங் ஸ்டுடியோவில் ஏழில் வைத்துக் கேட்டிருப்பீர்கள், தியேட்டர்கள் நாலு, ஐந்தில்தான் ஓட்டும். மெல்லிய குரல் வசனம் காணாமல் போவது அங்கேதான். ஆபரேட்டரிடம் நயமாகச் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி மெஷின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் வேறு ஆபரேட்டர் வருவார்.

அழைப்பு: சந்தை மேசைகளில் யாரைச் சந்தித்தாலும் கையில் ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு படம், தலைப்பு, நிமிடக் கணக்கு, காட்சி நாள், நேரம், தியேட்டர், உங்கள் வாட்ஸ்அப் எண். கதைச் சுருக்கம் வேண்டாம். காட்சியன்று காலை ஒரு செய்தி, ஒரு மணி நேரம் முன்பு இன்னொன்று. அதற்கு மேல் தொல்லை.

படம் ஓட ஆரம்பித்து இருபதாவது நிமிடம் நாலைந்து பேர் எழுந்து போவார்கள். முதல் தடவை எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவர்கள் தொழில்காரர்கள். அடுத்த சந்திப்புக்கு நேரமாகியிருக்கும், அல்லது தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். என் படத்தைப் பற்றி இரண்டு மாதம் கழித்து எழுதியவர் ஒருவரே ஒருவர், அவரும் பாதியில் போனவர்தான். வாசலில் நின்று யார் எந்த நிமிடத்தில் போனார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்காக இல்லை, எழுதுவதற்காக.

கேள்வி-பதிலில் தலைப்பாகை கட்டிய சொற்பொழிவு வேண்டாம். பெரும்பாலும் கால் மணி நேரம்தான். அடுத்த படத்துக்கு ஆட்கள் வெளியே நிற்பார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பேட்ஜ்களில் நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று தெரிகிறார்கள். மூட்லி நம் முதலியார், கோவெண்டர் நம் கவுண்டர். பார்த்ததும் உணர்ச்சிவசப்பட்டுத் தமிழில் பேச ஆரம்பிப்பது நம் வழக்கம். பெரும்பாலோருக்குத் தமிழ் வராது, ஐந்தாம் ஆறாம் தலைமுறை. அவர்கள் தென்னாப்பிரிக்கர்கள், அவர்களுடைய கதை வேறு. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்' 2017ல் அங்கே நன்றாக ஓடியது, ஜெயன் மூட்லி இயக்கியது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் பேச்சுக்கு விஷயம் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கும் ஒரு எச்சரிக்கை. கடையில் "குவார்ட்டர் மட்டன்" என்று கேட்டால் பாட்டில் வராது. கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தருவார்கள். அதுதான் பன்னி சவ். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக இருக்கும், அதைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். கையால்தான். அடுத்த சந்திப்புக்கு முன் சாப்பிடாதீர்கள், வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் சாப்பிடவே சாப்பிடாதீர்கள்.

ஊர் திரும்பும் முன்

யாராவது "படம் பிடித்திருக்கிறது" என்றால் உடனே மூன்று கேள்வி: எந்த நாடுகளுக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த வகை உரிமை. பதில் தெளிவாக இல்லாவிட்டால் அது பாராட்டு, பேரம் இல்லை. வாங்குகிற கைகளும் குறைந்துவருகின்றன. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் சொந்தத் தயாரிப்புகளுக்குப் பணம் போடுவதை நிறுத்தியது. கண்டத்தின் பெரிய கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான மல்டிசாய்ஸை 2025ல் பிரான்ஸின் கனால் பிளஸ் வாங்கிவிட்டது. ஒரு மேசையில் இல்லை என்றால் பக்கத்து மேசை என்று போவதற்கு இப்போது முன்பு இருந்த அளவு மேசைகள் இல்லை. ஆகவே ஒரே ஆளின் உதட்டுச் சிரிப்பை நம்பி மற்ற விழா விண்ணப்பங்களை நிறுத்திவைக்காதீர்கள்.

ஒப்பந்தத் தாளை டர்பனில் கையெழுத்திட வேண்டாம். லிங்க் அனுப்புகிறேன், ஊருக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லி, விமானத்திலேயே மின்னஞ்சலை எழுதி வைத்து, இறங்கியதும் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அவர்கள் அடுத்த சந்தைக்குப் போயிருப்பார்கள்.

உங்கள் ஹார்ட் டிஸ்க் இன்னும் அந்த ப்ரொஜெக்டர் அறை அலமாரியில்தான் இருக்கும். கடைசிக் காட்சி முடிந்த அன்றே பிரதி மேசையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வந்தால் கூரியர் செலவு உங்களுடையது. என்னுடையது திரும்பி வர ஐந்து மாதமானது, அதுவும் வேறு யாருடைய படமோ அதில் இருந்தது.